பானையை உடைக்காதீர்கள்!

நெல்லிக்குப்பம் பக்கம் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கால் தோண்டுகிறார்கள். நாலடி ஆழம் போனதும் கடப்பாரை எதன் மீதோ பட்டு "டொக்" என்கிறது. மண்ணை விலக்கிப் பார்த்தால், ஒரு பெரிய பானையின் வாய் தெரிகிறது.

உடனே என்ன நடக்கும்?

கூட்டம் கூடிவிடும். "புதையல்!" என்பார் ஒருவர். "ஐயையோ, முதுமக்கள் தாழி! தொடாதீங்க, வீட்டுக்கு ஆகாது!" என்பார் ஒரு பாட்டி. கொத்தனாருக்கு அவசரம். அன்றைய வேலை அன்றைக்கு முடியவேண்டும். கடைசியில் யாராவது ஓங்கி ஒரு போடு போடுவார். பானை உடையும். உள்ளே தங்கம் இருக்காது. எலும்புத் துண்டு இருக்கும். சின்னச் சின்னக் கலயங்கள் இருக்கும். துருப்பிடித்த இரும்பு இருக்கும். "பூ, இவ்வளவுதானா?" என்று எல்லாவற்றையும் கூடையில் வாரி மேட்டில் கொட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் கதை முடிந்துவிடும்.

இப்படி நம் நாட்டில் உடைந்துபோன பானைகளுக்குக் கணக்கே கிடையாது.

"சட்டி பானைக்கா பஞ்சம்? உடைந்தால் போகட்டுமே!" என்று கேட்பீர்கள். அந்தப் பானையோடு உடைந்துபோவது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்வதற்கு முன்னால், வெகுதூரத்தில் உள்ள ஒரு நாட்டுக்குப் போய் வருவோம். மண் பானையில் தன் சரித்திரத்தைப் படித்த நாடு அது.

மண்ணில் செய்த முகங்கள்

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு இருக்கிறது. கொலம்பஸ் கப்பலில் போய் அமெரிக்கக் கரையைத் தொட்டது 1492-ம் ஆண்டில். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 100-க்கும் 800-க்கும் இடைப்பட்ட காலத்தில், பெருவின் வடக்குக் கடற்கரையில் மோச்சே என்ற மக்கள் வாழ்ந்தார்கள். அது பாலைவனம். மழையே கிடையாது என்று சொல்லலாம். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறுகளில் வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளம் பயிர் செய்து பிழைத்தார்கள்.

அவர்களுக்கு எழுத்து கிடையாது. குயவர் சக்கரமும் கிடையாது. கொலம்பஸ் போகும் வரையில் அமெரிக்கக் கண்டத்தில் எங்குமே பானை வனையும் சக்கரம் இல்லை. அச்சில் மண்ணை அழுத்தி, இரண்டு பாதிகளாக எடுத்து, ஒட்டிச் சுடுவார்கள்.

சக்கரம் இல்லாத அந்தக் குயவர்கள் செய்த பாண்டங்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். வாத்து உருவில் ஒரு பாண்டம். தவளை உருவில் ஒன்று. ஆந்தை, கடல் சிங்கம், மக்காச்சோளக் கதிர், கண் கண்ணாக முளைவிட்ட உருளைக்கிழங்கு, குழந்தையை ஏந்திய தாய், கண் தெரியாதவர், நோயாளி – எல்லாமே பாண்டங்கள்தான். தலைக்கு மேல் வளையம்போல ஒரு குழாய் இருக்கும். பிடித்துத் தூக்குவதும் அதில்தான். நீர் ஊற்றுவதும் அதன் உச்சியில் உள்ள மூக்கு வழியாகத்தான்.

இவற்றில் மிகவும் பேர்போனவை முகப் பாண்டங்கள். பொதுவான முகம் இல்லை. இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முகம். ஒரு மனிதருக்கு மேல் உதட்டில் வெட்டுத் தழும்பு. அதே தழும்போடு அவர் முகம் பல பாண்டங்களில் இருக்கிறது. ஒன்றில் சிறு பையன். இன்னொன்றில் வாலிபன். மற்றொன்றில் முப்பது வயது தாண்டிய ஆள். ஃபோட்டோ என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஒரு மனிதர் வளர்ந்ததைக் குயவர்கள் மண்ணில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்!

மோச்சே மக்கள் மட்டும் இப்படிச் செய்தார்கள் என்று எண்ணவேண்டாம். மெக்சிகோவின் மேற்கில் கோலிமா என்ற இடத்தில், இறந்தவர்களைக் கிணறுபோல ஆழமாகத் தோண்டி அடக்கம் செய்தார்கள். கூடவே மண்ணால் செய்த நாயை வைத்தார்கள். வயிறு உப்பிய, கொழுகொழு நாய். அதுவும் ஒரு பாண்டம்தான்.

திருடன் தோண்டினால்...

இந்தப் பாண்டங்கள் எல்லாம் இருந்தது கல்லறைகளில். வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும் இவற்றை ஆசை ஆசையாக வாங்கினார்கள். வாங்க ஆள் இருந்தால் திருட ஆள் இருக்காதா? பெருவில் கல்லறை தோண்டித் திருடுவதே பலருக்குத் தொழிலாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பாண்டங்கள் கப்பல் ஏறின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொருட்காட்சி சாலைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தன.

அழகாகத்தான் இருந்தன. ஆனால், "இது எந்தக் கல்லறையில் இருந்தது? யாருடைய எலும்புக்குப் பக்கத்தில் இருந்தது? கூட வேறு என்ன இருந்தது?" என்று கேட்டால் பதில் இல்லை. திருடன் குறிப்பு எழுதி வைப்பானா?

மோச்சே பானைகள் சிலவற்றில் ஒரு சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. கைதிகளைப் பலியிடும் காட்சி. பிறைபோன்ற பெரிய தலையணி அணிந்த ஒருவரிடம் இரத்தம் நிறைந்த கிண்ணத்தைக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் பறவை வேடத்தில் ஒருவர். குஞ்சங்கள் தொங்கும் தலையணியோடு ஒரு பெண். "இது ஏதோ சாமி கதையாக இருக்கும்" என்று பல நிபுணர்கள் நினைத்தார்கள்.

1987-ம் ஆண்டு பெருவில் சிப்பான் என்ற ஊரில் ஒரு பழைய மண்மேட்டைத் திருடர்கள் தோண்டினார்கள். தங்கம் கிடைத்தது. அதைப் பங்கு போடுவதில் சண்டை வந்து, சங்கதி போலீசுக்கு எட்டியது. போலீசார், பக்கத்துப் பொருட்காட்சி சாலையின் தலைவரான வால்ட்டர் ஆல்வாவை அழைத்தார்கள். அவர் அந்த மேட்டை விட்டு நகரவில்லை. காவல் போட்டு, மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துப் பார்த்தார். திருடர்கள் கை வைக்காத ஒரு கல்லறை அகப்பட்டது.

உள்ளே ஒரு பிரபு. பானைச் சித்திரத்தில் இருந்த அதே பிறைத் தலையணி! அதே நகைகள்! பிறகு தோண்டிய இன்னொரு கல்லறையில், ஆந்தை உருவத் தலையணியும் கிண்ணமுமாக ஒருவர். 1991-ல் வேறு ஓர் ஊரில் ஒரு பெண்ணின் கல்லறை கிடைத்தது. சித்திரத்துப் பெண்ணின் அதே தலையணி!

சாமி கதை என்று நினைத்தது நடந்த கதையாகிவிட்டது. அந்தப் பலிச் சடங்கை உண்மையாகவே மனிதர்கள் நடத்தியிருக்கிறார்கள். கொடூரமான சடங்குதான். ஆனால் உண்மை உண்மைதானே? அந்தக் கல்லறையும் திருடர் கையில் சிக்கியிருந்தால் தங்கம் ஒரு பக்கம், பானை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் போயிருக்கும். மூன்றும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசுகின்றன என்பதே யாருக்கும் தெரிந்திராது.

நீலகிரி எருமை

"அது பெரு. நம் ஊரில் உருவப் பானை ஏது?" என்று கேட்காதீர்கள். இருக்கிறது. சென்னை எழும்பூர் பொருட்காட்சி சாலைக்குப் போனால் பார்க்கலாம்.

நீலகிரி மலையில் பழங்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காகக் கற்களைக் குவித்து வட்டம் வட்டமாகக் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே மண் பாண்டங்கள். அடுக்கடுக்காக உயர்ந்த பாண்டங்கள். அவற்றின் மூடிமேல்தான் வேடிக்கை! ஒரு மூடிமேல் எருமை நிற்கிறது. கழுத்தில் மணிகூடக் கட்டியிருக்கிறது. ஒன்றின்மேல் யானை. ஒன்றின்மேல் பறவை. ஒன்றின்மேல் சிறுத்தை. ஒன்றின்மேல் குதிரை ஏறிய வீரன். பெண் உருவங்களும் உண்டு.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஊட்டியில் இருந்த அதிகாரிகள் இந்தக் கல்வட்டங்களைத் தோண்டினார்கள். சிலர் ஆராய்ச்சிக்கு. சிலர் பொழுதுபோக்குக்கு! நீலகிரிக் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் துரை நிறையப் பாண்டங்களைச் சேர்த்தார். அவர் 1872-ல் இறந்துபோனார். அவர் எழுதிய புத்தகம் 1873-ல் வெளியாயிற்று. அவர் சேர்த்தவை சென்னைக்கு வந்தன. மற்றவர்கள் தோண்டியவற்றில் பல லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த எருமையைச் செய்தவர் யார்? எந்தக் காலத்தவர்? குதிரைமேல் இருப்பவர் இறந்தவரா, காவல் தெய்வமா? நூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. காரணம் என்ன? எந்தக் குவியலில் எது இருந்தது, எதன் பக்கத்தில் எது இருந்தது என்று பலவற்றுக்குச் சரியான குறிப்பு இல்லை. அவசரத்தில் அள்ளினார்கள். எருமை மிஞ்சியது. கதை போய்விட்டது.

ஆந்திராவில் கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த ஈமத்தொட்டி ஒன்றும் எழும்பூரில் இருக்கிறது. விலங்கின் உருவில், பல கால்களோடு, சுட்ட மண்ணால் ஆனது. இறந்தவரின் எலும்புகளை அதன் முதுகுக் குழிவில் வைத்தார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அதன்முன் ஐந்து நிமிடம் நின்று காட்டுங்கள். திமிங்கில எலும்பைப் பார்க்க ஓடுகிற அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்!

கழுவாத தாழி

சரி, நிதானமாகத் தோண்டினால் நம் நாட்டில் என்ன கிடைக்கும்?

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் என்பவர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இந்த நூற்றாண்டில், 2004-ல், மத்திய சர்க்காரின் புதைபொருள் ஆராய்ச்சி இலாகா மறுபடியும் தோண்டியது. நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வந்தன. அவற்றோடு ஒரு பானை ஓடு. அதில் மண்ணை உருட்டி ஒட்டி ஒரு காட்சியே செய்திருந்தார்கள். ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் மரம். மரத்தில் ஒரு பறவை. ஒரு மான். ஒரு முதலை. தாமிரபரணிக் கரையையே ஒரு பானையின் வயிற்றில் ஒட்டிவிட்டார் அந்தக் குயவர்!

அந்த வேலையின் அறிக்கை வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. இது நம் இலாகாக்களின் பழைய வியாதி. தோண்டுவதில் உள்ள சுறுசுறுப்பு எழுதுவதில் இல்லை.

ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் சிவகளை. அங்கே தமிழக சர்க்கார் தோண்டியபோது ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. இறந்தவருக்கு வைத்த நெல். அதைச் சோதனைக்கு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155-ம் ஆண்டு வாக்கில் விளைந்தது என்று முடிவு வந்தது. 2021-ல் சட்டசபையில் அதை அறிவித்தார்கள். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பொருநைக் கரையில் நெல் விளைந்தது என்பதற்குச் சாட்சி, ஒரு பிடி நெல்!

அந்தத் தாழியைக் கண்டவர் "அழுக்காக இருக்கிறதே" என்று தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால்? அந்தச் சாட்சி சாக்கடையில் போயிருக்கும்.

பக்கத்து ஊர் மருங்கூர்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கடலூருக்கு வடக்கே அரிக்கமேடு. 1945-ல் வீலர் என்ற நிபுணர் அங்கே தோண்டி, ரோமாபுரியிலிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகளை எடுத்து உலகத்துக்குக் காட்டினார். நெல்லிக்குப்பம் இருக்கும் பண்ருட்டிப் பக்கத்திலேயே மருங்கூர் இருக்கிறது. அங்கே தாழிகளும், பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானைகளும் கிடைத்தன. 2024-ல் தமிழக சர்க்கார் கீழடி முதலிய எட்டு இடங்களில் தோண்டியபோது, அந்த எட்டில் மருங்கூரும் ஒன்று.

தமிழ் எழுத்து உள்ள பானை! யோசித்துப் பாருங்கள். நாம் இன்று பத்திரிகை படிக்கிறோமே, இந்த எழுத்தின் கொள்ளுப்பாட்டன் எழுத்து அது. அதைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பானையில் கீறி வைத்திருக்கிறார். அந்தப் பானையைக் கடப்பாரையால் போட்டால், எழுத்து ஒரு துண்டில் பாதி, இன்னொரு துண்டில் பாதி. பிறகு யார் கூட்டிப் படிப்பது?

கெடிலமும் பெண்ணையும் பாய்கிற பூமி இது. கரும்புக் கொல்லையிலும் முந்திரித் தோப்பிலும் இன்னும் என்னென்ன புதைந்து கிடக்கிறதோ! ஏரிமண் அள்ள லாரி வருகிறது. செம்மண் வெட்ட பொக்லைன் வருகிறது. கடப்பாரையாவது "டொக்" என்று சொல்லும். பொக்லைன் ஒன்றும் சொல்லாது. ஒரே வாரலில் தாழியும் எலும்பும் எழுத்தும் ரோட்டுக்கு அடியில் மண்ணாகிவிடும்.

பயம் நியாயமானது

ஏன் யாரும் தகவல் சொல்வதில்லை? மக்களுக்கு அறிவில்லை என்று சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மக்களுக்கு இருப்பது பயம். "சொன்னால் இடத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேலையை நிறுத்திவிடுவார்கள். ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும்" என்ற பயம். கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு ஒரு மாதம் வேலை நின்றால் வட்டி யார் கட்டுவது?

சட்டம் என்ன சொல்கிறது? 1878-ம் ஆண்டிலேயே புதையல் சட்டம் என்று ஒன்று வந்தது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்கவேண்டும். உரிமை கொண்டாட யாரும் இல்லை என்று முடிவாகி, வேறு ஒப்பந்தமும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே எடுத்துக்கொண்டால், அந்தப் பொருளின் உலோகத்துக்கோ மற்றச் சரக்குக்கோ உள்ள விலையைப் போட்டு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். 1972-ல் வந்த இன்னொரு சட்டம், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கிறது.

கவனித்தீர்களா? சரக்குக்கு விலை! தங்கக் காசு என்றால் சரி. மண் பானைக்கு? மண்ணுக்கு என்ன விலை? சட்டம் செய்தவர்களின் கண் தங்கத்தின்மேல் இருந்திருக்கிறது. தாழி நெல்லும் கீறிய எழுத்தும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

ஆகவே, சர்க்கார் இதை மாற்றவேண்டும் என்பது என் கருத்து. தாழி கிடைத்தது என்று தகவல் சொன்னவருக்குத் தனியாக ஒரு வெகுமதி கொடுக்க வேண்டும். சின்ன மனை என்றால், ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்பி, தாழியை எடுத்துக்கொண்டு, மனையை அவரிடமே விட்டுவிட வேண்டும். நின்ற வேலைக்கு நஷ்ட ஈடு தரவேண்டும். தகவல் சொன்னவர் பேரை ஊரறியப் பாராட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சிறு பாலத்தின் செலவுகூட இராது.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பானையைத் தூக்கக்கூடாது. மண் தாங்கிப் பிடித்திருப்பதால்தான் அது முழுசாக இருக்கிறது, தூக்கினால் பிளந்துவிடும். உள்ளே கை விடக்கூடாது. கழுவக்கூடாது. ஒரு சாக்கை மேலே போட்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். கடலூரிலேயே சர்க்கார் பொருட்காட்சி சாலை இருக்கிறது. அங்கேயும் சொல்லலாம். செல்ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பாட்டி "ஆகாது" என்றால், அதை ஒரு நல்ல காரணமாக வைத்துக்கொண்டு தொடாமல் விடுங்கள்!

குயவரைக் கேளுங்கள்

நிபுணர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பானையைப் பற்றிப் பேசும்போது இன்றைய குயவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி பொம்மைகள் கொலுவுக்குக் கொலு ஊர் ஊராகப் போகின்றன. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் நமுனசமுத்திரத்தில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆள் உயரக் குதிரையை வெடிக்காமல் சுட்டு எடுப்பது எப்படி, மண்ணில் எவ்வளவு மணலும் உமியும் சேர்ப்பது, காலை முதலில் செய்வதா, வயிற்றை முதலில் செய்வதா – இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீலகிரி எருமையை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். "இந்தக் கொம்பை ஈரத்திலேயே ஒட்டியிருக்கிறான்" என்று ஒரே பார்வையில் சொல்வார்கள்.

அவர்களுக்கே இன்று மண் எடுக்க ஏரியில் இடம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. அது ஒரு தனிக் கதை.

மருங்கூரில் எடுத்த பாண்டங்களைக் கடலூரிலேயே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் 2023-ல் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அதைப் போல மருங்கூரிலும் ஒரு குழியையாவது மூடாமல் காட்டலாம். நெல்லிக்குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறினால், பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.